கன்னிமூலையில் ஒரு குழி

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் துணி காயாது. குழித்துறைக்கு அருகே நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் ஈரத் துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெள்ளை உடுத்திப் போனால் புகையும் கூடவே ஜெபத்துக்கு வரும். அந்த எரிச்சலில், மலேயாவிலிருந்து வந்த அண்ணனிடம் கரண்டில் சூடாகும் இஸ்திரிப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன். பாதி ஈரத்தைத் தேய்த்தே உலர்த்திவிடலாமே. நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது. ஊரில் கரண்டு வந்த வீடுகளே கொஞ்சம்.

பெட்டியின் வயர் நுனியில் மூன்று முள் உள்ள பிளக்கு இருந்தது. வீட்டில் அதைச் செருக இடமில்லை. நாலு பல்பும் அவற்றின் ஹோல்டர்களும்தான் உண்டு. என் மாமனார் சபை மூப்பர், எதற்கும் கைவசம் ஒரு வழி வைத்திருப்பவர். பிளக்கை வெட்டி எறிந்தார். உள்ளே இருந்த மூன்று வயர்களில் இரண்டை, பல்பு ஹோல்டரில் மாட்டுகிற கட்டையில் முடுக்கினார். பச்சை வயர் மிஞ்சியது. "இது சும்மா அழகுக்கு" என்று அதைக் கத்தரித்தும் விட்டார்.

இரண்டாம் நாள், மழைநீர் கசிந்த தரையில் வெறுங்காலோடு நின்று அவருடைய ஜிப்பாவைத் தேய்த்தேன். அடித்தது பாருங்கள்! சுவரில் போய் விழுந்தேன். விழுந்த வேகத்தில் கட்டை கழன்றதால் பிழைத்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த மாமியார் குனிந்து எடுத்தது பெட்டியை. "தேப்புப்பெட்டி ஒடஞ்சு போச்சா?" மாமனார் ஜிப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். என் வலது கை மரத்துப்போயிருந்தது. கைக்கு என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்கே சொல்லிவிட்டேன், ஒழுங்கான பிளக்கு வைக்கும்வரை இந்த வீட்டில் யார் துணியையும் தேய்க்க மாட்டேன் என்று. என் வீட்டுக்காரர் வழக்கம்போல மதில்மேல் பூனை. நானே ஆள்விட்டு வயர்மேனை வரவழைத்தேன். பச்சை வயரின் கதையைக் கேட்டு அவர் தலையில் கைவைத்தார்.

"பச்ச வயருல்லா உசிரக் காக்கும்! தனி லைன் இழுத்து மூணு முள்ளு பிளக்கு வைக்கணும். செவருக்கு வெளிய குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, அந்த வயர மண்ணுல எறக்கணும்."

அவர் காட்டிய இடம் வீட்டின் தென்மேற்கு மூலை. மாமனார் கையை உயர்த்தினார்.

"கன்னிமூலையில குழி தோண்டப்பிடாது. குடும்பத்துக்கு ஆகாது."

நல்ல நேரம் பார்ப்பவர்களை அஞ்ஞானிகள் என்று சொல்லும் மனிதர் அவர்.

"அது வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்கு மாமா?" என்று கேட்டேன்.

குழி தயாரானால் சொல்லி அனுப்புங்கள் என்று வயர்மேன் மெல்ல நழுவிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் கசங்கிய ஜிப்பாவில், புகை மணக்கக் காணிக்கைத் தட்டு எடுத்தார். சபையே பார்த்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாகவே இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன்.

மறுநாள் மம்பட்டியை எடுத்தேன். மழையில் மண் இளகிக் கிடந்தது.

"ஏட்டி, குடும்பம் வெளங்காமப் போயிரும்!" என்று மாமியார் கத்தினார்.

"அன்னைக்கு நான் செத்திருந்தா வெளங்கியிருக்குமா மாமி?"

இடுப்பளவு தோண்டினேன். மாமனார் வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

வயர்மேன் வந்து வேலையை முடித்தார். சனிக்கிழமை மாலை மாமனார் ஜிப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்களே தேயுங்க மாமா."

நீண்ட கை பிடிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"மக்கா, கையில ஷாக் அடிக்குமா?"

அந்த வீட்டில் கைக்கு என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் தன் கைக்கு.

"அடிக்காது மாமா. குழி நான் தோண்டினதுல்லா."