மல்லிகா எழுதிய இங்கிலீஷ் ஓ

மல்லிகா நாலு வயசுப் பிள்ளை, பள்ளிக்கு வந்து எட்டே நாள். மேஜையில் நான் கலைத்துப் போட்டிருந்த கார்டுகளைப் பார்த்துக் கடகடவென்று எழுத்துகளின் பெயரைச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சந்தேகம்தான் வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் ஒரு நர்ஸரியில் டீச்சராக இருந்தேன். வீடு திண்டிவனத்தில். தினமும் பாசஞ்சரில் போய்வருவேன். சந்தேகம் என் கூடப் பிறந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கினால்கூட, நடிக்கிறாரோ என்று டிபன் டப்பாவை மடியில் இழுத்து வைத்துக்கொள்வேன்.

அப்போது ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்க ஒரு வரிசை உண்டு. முதல் மூன்று மாதம் ராகம் போட்டு ஒப்பித்தல். பிறகு சிலேட்டு. கார்டு கடைசியில்தான். கான்வென்ட் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகளைப் பொறுக்குவது அந்தக் கார்டுகளை வைத்து. அதனால் அவற்றைப் பீரோவில் பூட்டியே வைப்பேன். அன்றைக்கு எண்ணிச் சரிபார்க்கத்தான் வெளியே எடுத்திருந்தேன்.

மல்லிகாவுக்கு ஒப்பிக்கத் தெரியவில்லை. ஏ-வுக்கு அப்புறம் என்ன என்றால் திருதிருவென்று விழித்தாள். எழுத்தைக் காட்டினால் மட்டும் டக்கென்று சொன்னாள். வரிசை தெரியாதவளுக்கு எழுத்து எப்படித் தெரியும்? யாரோ கார்டைக் காட்டியிருக்க வேண்டும். பீரோவைத் துடைக்கிற ஆயா அஞ்சலை, மல்லிகாவின் பக்கத்து வீடு. எனக்கு வேறென்ன வேண்டும்?

"அஞ்சலை ஆயாதானே உனக்கு இதெல்லாம் காட்டினாங்க?" என்று கேட்டேன்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. தலையை ஆட்டியது.

சிலேட்டில் எழுதச் சொன்னேன். இங்கிலீஷ் ஓ-வை ஒன்றையொன்று பார்க்கிற இரண்டு பிறையாக எழுதினாள். மேலும் கீழும் இடைவெளி. "சேர்த்து எழுதுடி" என்று அதட்டினேன். மறுபடியும் அதேபோல் எழுதினாள். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் அஞ்சலையைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அம்மா, அந்த பீரோவுல இருக்கற அட்டையில இன்னா எழுதியிருக்குதுன்னே எனக்குத் தெரியாது. தூசி தட்டறேன், பூட்டிக்கினு வந்து சாவியக் குடுக்கறேன். அவ்ளோதான்."

"புள்ளையே சொல்லிடுச்சே?" என்றேன் நான்.

"உங்க எதுர்லயே நான் புள்ளயக் கேக்கறேன் டீச்சரம்மா."

"வேணாம். நீ மிரட்டி மாத்திச் சொல்ல வைப்பே."

புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலை போனால் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கத்தான் போக வேண்டும். அதெல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "நாளையிலேருந்து வராதே" என்றார் பெரிய டீச்சர்.

நாலாம் நாள் காலை, பாசஞ்சர் சிக்னல் கிடைக்காமல் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி. எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வேகனில் வைத்து ஒருவர் வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தகட்டை எடுத்தார். ஓ இரண்டு பிறையாகத் தெரிந்தது. வட்டத்தைச் சுற்றி முழுசாக வெட்டினால் நடுத் துண்டு கழன்று விழுந்துவிடும். அதற்காக மேலும் கீழும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ரிஜிஸ்டரில் மல்லிகாவின் அப்பா வேலை 'ரயில்வே' என்று மட்டும் இருந்தது. பிள்ளையை மடியில் உட்கார வைத்து, "அப்பா என்ன வேலை பாக்குறாரு?" என்றேன்.

"ரயிலு வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறாரு. ஊட்ல பழைய தகடு நெறைய இருக்குது. அதுல மண்ணு கொட்டி வெளயாடுவேன். இன்னா எழுத்துன்னு அப்பா சொல்லும்."

"அப்புறம் ஏன் ஆயா காட்டினாங்கன்னு தலையாட்டினே?"

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அன்று சாயங்காலமே மண்டிக்குப் போனேன். அஞ்சலை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தகட்டையும் வேகனையும் சொல்லி, "தப்பு என் மேலதான். வேலைக்கு வா அஞ்சலை" என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாலு வருசமா உங்க கூடவே இருந்துக்கினு நான் சொன்னது உங்களுக்கு நம்பிக்கையா இல்ல. கூட்ஸ் வண்டி சொன்னா நம்பறீங்க" என்றாள்.

மறுநாள் வேலைக்கு வந்தாள். தன் இரண்டு பெண் பிள்ளைகளுக்காக வந்தாள். அதுவரை டிபன் நேரத்தில் தெருக்கதை முழுக்க எனக்குச் சொல்லிச் சிரிப்பவள். அதற்கப்புறம் கேட்டதற்குப் பதில் மட்டும்தான்.

புதிதாக வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். சின்னப் பிள்ளையிடம் பதிலையும் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். நீங்கள் கொடுத்ததையே திருப்பிக் கொடுத்துவிடும். "யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாததால், அஞ்சலை என்னோடு சிரித்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.