அப்பா நம்பாத ஆடிட்டர்

எங்கள் அப்பா சேவூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதில் திருப்பூர் வந்து, கூட்டுச் சேர்ந்தவரிடம் ஏமாந்து, மிஞ்சியதை வைத்து ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி தொடங்கினார். அன்று தொட்டு அவர் யாரையும் நம்பியதில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, சம்பந்தி வீட்டார் காட்டிய தோப்பு அவர்களுடையதுதானா என்று பக்கத்துத் தோட்டத்தில் போய் விசாரித்தார். என் மாமனார் இதைப் படித்துச் சிரிப்பார் என்று நம்புகிறேன்.

வரித் தணிக்கைக்கு நோட்டீஸ் வந்தபோது அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாயப்பட்டறைக்குப் போகும் துணி எடை குறைந்துதான் திரும்பும். தொழில் தெரியாதவர் கண்ணுக்கு, குறைந்ததைப் பில் இல்லாமல் விற்றதாகத் தோன்றும். கம்பெனியும் போய், திருடன் என்ற பெயரும் வந்துவிடும் என்று பயந்தார்.

சித்தப்பா ஓர் ஆடிட்டர் அம்மையாரை ஏற்பாடு செய்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"ஏந் தம்பி, அந்தம்மா ஆபீசருக்கு வேண்டப்பட்டவங்களா இருந்தா என்ன பண்றது?" என்றார் அப்பா.

ஆடிட்டர் ஆபீசுக்குப் பில் கட்டுகளை அப்பாவே சுமந்து போவார். அம்மையார் பார்த்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்து, திரும்பச் சுமந்து வருவார். அவர் முகம் சுளிக்கவில்லை. எடை எப்படிக் குறைகிறது என்று அப்பாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். எதற்கு இவ்வளவு கேட்கிறார் என்று அதற்கும் அப்பாவுக்கு ஒரு சந்தேகம்.

தணிக்கை நாளில் கம்பெனிக்கு வந்த அதிகாரி, ஆடிட்டரின் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார். கிளம்பும்போது அப்பா, புதுப் பனியன்கள் நிறைந்த பை ஒன்றை அதிகாரியின் காரில் வைத்துவிட்டார். கம்பெனிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஆடிட்டர் ஓடிப்போய் அதை வெளியே எடுத்தார்.

"அண்ணாச்சி, இது லஞ்சமாயிரும். நேர்மையான கணக்க நாமளே கெடுக்கலாமா?"

"ஊட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்கறது தப்புங்களா?"

அதிகாரி காரில் ஏறிக் கிளம்பினார். அவரும் ஆடிட்டரும் கண்ணாலேயே பேசிக்கொண்டதாக அப்பா அடித்துச் சொன்னார். நோட்டீசுக்கு ஆடிட்டர் எழுதிய பதிலை ரகசியமாக வேறோர் ஆடிட்டரிடம் காட்டினார். "இதுக்கு மேல யாராலயும் நல்லா எழுத முடியாதுங்க" என்றார் அவர். இரண்டு பேரும் ஒரே கூட்டம் என்று வீட்டுக்கு வந்து புலம்பினார் அப்பா.

தணிக்கை குறையில்லாமல் முடிந்தது. அப்போதும் அப்பா நன்றி சொல்லவில்லை.

கடைசி நாட்களில், மருத்துவமனையில் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்த பிறகே விழுங்குவார். அங்கே ஒருநாள் ஆடிட்டர் பார்க்க வந்தார். அப்பா முன்பே என்னிடம் சொல்லிக் கம்பெனியிலிருந்து ஒரு பை வரவழைத்திருந்தார்.

"இப்பத்தான் கணக்கு ஒண்ணும் இல்லீங்களே. வாங்கிக்குங்கம்மா."

அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அப்பா மறைந்த இந்த ஓராண்டாக எங்களைத் தாங்கிய சித்தப்பா குடும்பத்துக்கும், கம்பெனித் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி. ஆடிட்டர் அம்மையாருக்கு மட்டும் அப்பாவின் நன்றியையே சொல்ல வேண்டும். அன்று அவர் பையோடு போன பிறகு, அப்பா கதவையே பார்த்தபடி கண் கலங்கினார்.

"உள்ள என்ன இருக்குதுன்னு பிரிச்சுக்கூடப் பாக்கல கண்ணு. என்னைய நம்பி வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.