மூடுபனியில் எடுத்த பெரட்டு

அன்று மேட்டு வளைவில் நின்றவர்கள்: நான், ரிட்டயர் ஆன பீல்டு வாட்சர். செல்வி, கொழுந்து எடுப்பவள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ரேஸ் ஆபீசர். பிறகு ஓடுகிறவர்கள். இந்தியாப் பெண். கென்யாக்காரர். ஜப்பான்காரர். நேபாளி. பிரான்ஸ்காரி. ஜெர்மன்காரர். இலங்கைப் பெண்.

பல நாட்டுக்காரர்கள் ஓடும் மலைப் பந்தயம். பாதை ஓவேலியில் எங்கள் எஸ்டேட் வழியாகப் போனது. வளைவில் நின்று வழி காட்டுவது என் வேலை. முன்னால் வந்த இந்த ஏழு பேரும் ஏறி வந்தபோது பாதையில் காட்டெருமை நின்றது. பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டி அவர்களை நிறுத்தினேன். அது நகர்வதற்குள் மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. இடது பக்கம் சரிவு. கால் தவறினால் பிடிக்க ஒன்றும் இல்லை.

ஆபீசர் அவசரப்பட்டார். "ஏனுங்க, லேடீஸ்ல நம்ம பொண்ணுதான் முதல்ல. இந்தியாவுக்கு மெடலுங்க. கயித்தை அவுத்து விடுங்க."

"பனி விலகட்டும் சார்."

"கொடியெல்லாம் வாங்கி வச்சிருக்கேனுங்க."

"அதைப் போத்திக்கிட்டு நில்லுங்க சார், குளுருது," என்றாள் செல்வி.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். பனி இறங்கினால் மலையிலும் பெரட்டு உண்டு. ஒவ்வொருவரும் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராதவரைத் தேட வேண்டும். இவர்கள் பேர் என் வாயில் நுழையவில்லை. அதனால் நாட்டைச் சொல்லச் சொன்னேன்.

"எங்க தோட்டத்திலயும் பெரட்டுதான் ஐயா," என்றாள் இலங்கைப் பெண். அவளும் அங்கே தோட்டத்துப் பிள்ளை. மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

"எந்த நாடு?" என்று கத்தினேன்.

வரிசையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு குரலிலும் நிமிர்வு இருந்தது. கடைசியாக, இலங்கை.

அதன் பிறகு இன்னொரு இலங்கை. சரிவுக்குக் கீழே இருந்து.

"ரெண்டு தரம் சொன்னியா பாப்பா?"

"இல்ல ஐயா. ஒரு தரம்தான்."

ஆபீசர் வாக்கிடாக்கியில் கேட்டார். இலங்கையிலிருந்து வந்தது இவள் ஒருத்திதான்.

மறுபடியும் கேட்டேன். எந்த நாடு? ஏழு பேரும் சொல்லி முடித்தார்கள். கீழே இருந்தும் வந்தது. இந்த முறை, இந்தியா. வயசான குரல்.

இந்தியாப் பெண் மணிப்பூர்க்காரி. தமிழ் தெரியாது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

செல்வி மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, கீழ நம்ம சுடுகாடு."

சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் புதைத்த இடம் அது. என் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். சிலோனில் இருந்தவரை அவர்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்த பிறகு சிலோன்காரன் என்றார்கள். கப்பலில், ஆபீஸில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் கேட்டது ஒரே கேள்வி. எந்த நாடு.

இருந்தாலும் யாராவது விழுந்து கிடக்கலாம். பார்க்காமல் போக முடியாது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். மறுமுனையை ஏழு பேரும் பிடித்தார்கள். முன்னால் நின்று பிடித்தது மணிப்பூர்ப் பெண். ஆபீசர் மெடலைப் பற்றிப் பேசவில்லை.

கீழே உண்ணிச்செடிப் புதர். மண்மேடுகள். புல் எங்கும் மிதிபடவில்லை. பனித்துளி அப்படியே நின்றது.

"பேரைச் சொல்லு," என்று கத்தினேன்.

பதில் இல்லை. ஏறி வந்துவிட்டேன்.

பனி விலகவில்லை. காட்டெருமை மட்டும் போய்விட்டது. "ஓட வேண்டாமுங்க, நடந்தே போலாம்," என்றார் ஆபீசர். எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேக்டரி ரோட்டுக்கு இறங்கினோம். அன்று மெடல் யாருக்கும் இல்லை. கொடி பையிலேயே இருந்தது.

பனியில் பெரட்டு எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேரைக் கேளுங்கள். வாயில் நுழையாவிட்டாலும் பேரையே கேளுங்கள். பிறகு தோளைத் தொட்டு எண்ணுங்கள்.

கீழே வந்து தொட்டு எண்ணினேன். ஏழு.

மேலே பதில் சொன்ன குரல் எட்டு.