மூலைப் பள்ளத்து விரால்

அறுபதுகளில் நான் கிராம சேவக்காக இருந்தேன். குமராட்சிப் பக்கம் என் மனைவியின் ஊர்க்குளத்தில் கட்லா, ரோகு குஞ்சு விட உத்தரவு வந்தது. அதற்குமுன் அங்கிருந்த விரால், கெளுத்தி, குறவை எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும். எங்கள் காகிதங்களில் அவற்றுக்குப் பெயர் களை மீன். ஊரே தின்று வளர்ந்த மீனைக் களை என்று எழுத எனக்குக் கை கூசவில்லை.

கோடையில் குளம் வற்றியதும் ஊர் முழுக்க இறங்கிச் சேற்றில் மீன் தடவும். வடகிழக்கு மூலைப் பள்ளத்தில் மட்டும் முள் வெட்டிப் போட்டிருக்கும். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். அதில் தங்கும் மீன்தான் மழைக்குப் பெருகிக் குளத்தை நிரப்பும். முள் போடுவது என் மனைவியின் அண்ணன் வீட்டு முறை.

மீனைக் கொல்லும் இலுப்பைப் புண்ணாக்கு மூட்டைகளோடு நான் போய் இறங்கியபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மாப்ள, அந்தப் பள்ளத்த மட்டும் உட்டுடுங்களேன். வெத மீனு நிக்குது.”

“விராலு இருந்தா புதுக் குஞ்சு ஒண்ணும் மிஞ்சாது மச்சான்,” என்றேன்.

வீட்டு மாப்பிள்ளைக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர். தானே இறங்கி முள்ளை இழுத்துக் கரையில் போட்டார். புண்ணாக்கு கரைந்ததும் விரால்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. ஊர் கூடை கூடையாக அள்ளியது. வெளி மீன் நுழையாதபடி மடையில் கம்பி வலையும் அடித்தேன். என் அக்கறையைப் பாருங்கள்.

புது மீன் நன்றாகத்தான் வளர்ந்தது. அடுத்த கோடையில் பிடித்துத் தின்றோம். தேங்கிய நீரில் அது பெருகாது, ஒவ்வொரு வருஷமும் குஞ்சு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வந்துவிடும் என்று இருந்தேன். வரவில்லை.

அதற்கடுத்த கோடையில் இறங்கித் தடவியவர்கள் கையில் சேறுதான் வந்தது. கரையேறிய பெண்கள் மச்சானைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“பள்ளத்து முள்ள எடுக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டாள் ஒருத்தி, என்னைப் பார்த்தபடி.

“மாப்ள வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் ஆசப்பட்டு எடுத்துட்டேன்,” என்றார் அவர்.

வாய்க்கு வந்தபடி அவரை ஏசினார்கள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷமே முள் போடும் முறையை ஊர் அவர் வீட்டிலிருந்து எடுத்து வேறு வீட்டுக்குக் கொடுத்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.