அண்ணன் மாற்றி எழுதிய கடிதம்

முதலாண்டு நினைவுத் திருப்பலியில் எங்களோடு சேர்ந்து ஜெபித்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணனைப் பற்றி உங்களில் பலர் ஒன்றைத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள்: நல்ல கல்லூரி வேலையைத் தானே கெடுத்துக்கொண்டவர் என்று. துக்கம் கேட்க வந்த இடத்திலும் சிலர் அதைச் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது. அதனால்தான் அவர் தங்கையாகிய நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் பனமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், காணி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தார். எங்கள் அப்பா, நைனா, கூலிக்கு அறுப்பறுக்கப் போனவர். அண்ணன் பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தார், இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் இயந்திரத்தை ஓட்டும் படிப்பு. பிறகு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு ஆண்டுகள் லேத்தின் முன்னால் நின்றார். உட்கார அங்கே நாற்காலி கிடையாது. முழங்கால் வலி அங்கே பிடித்ததுதான். அம்மா இறந்த பிறகு, செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒர்க்‌ஷாப் பயிற்றுநர் வேலை கிடைத்து ஊர் திரும்பினார்.

முதலாண்டு மாணவர்களுக்கு அரம் பிடிக்கவும், தகடு மடிக்கவும், வெல்டிங் வைக்கவும் சொல்லித்தருவார். அடுத்த ஆண்டில் லேத். அவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள். "இத வச்சி நாங்க இன்னா சார் பண்ணப் போறோம்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள்.

"ஒண்ணும் பண்ண வேணாம். இரும்பு நீ சொன்னா கேக்காது, அளந்தாதான் கேக்கும். அத மட்டும் தெரிஞ்சிக்கினு போ" என்பார் அண்ணன்.

இரண்டு இரும்புத் துண்டுகளை அராவி ஒன்றோடொன்று பொருத்திக் கொண்டுவந்தால், ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் அராவ வேண்டும். சீனியர் செய்த பழைய துண்டை எண்ணெய் பூசிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. "இது போன வருசம் வந்துச்சி, அப்பவே மார்க் போட்டாச்சி" என்று சிரிக்காமல் திருப்பிக் கொடுப்பார். பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அவர் வேலை செய்யும்போது வைத்த கண் வாங்காமல் அவர் கையையே பார்ப்பார்கள். அதுவே வினையாகிப் போனது.

லேத்தில் கடைந்து முடித்த தண்டுக்கு எமரி தாள் பிடித்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். மரத்துக்கு உப்புத்தாள் போல, இரும்புக்கு எமரி. தண்டு சுற்றும்போது அந்தத் தாளை விரலோடு சேர்த்துச் சுற்றிப் பிடிக்கவே கூடாது. மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அண்ணனே இதை ஒர்க்‌ஷாப் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அம்பத்தூரில் எல்லோரும் விரலில் சுற்றித்தான் பிடிப்பார்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று. அண்ணனுக்கும் அதுவே பழகிவிட்டது. மாணவர்களுக்குச் செய்துகாட்டும்போதும் தன்னை மறந்து அப்படியே பிடிப்பார். பிடித்துவிட்டு, "நீங்க இப்டி பண்ணாதீங்கடா" என்பார்.

தளவானூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர், பளபளப்புக்கு இரண்டு மார்க் கூடக் கிடைக்கும் என்று எமரியை விரலில் சுற்றிப் பிடித்தார். அண்ணன் அடுத்த லேத்தில் வேறொருவருக்கு டூல் மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓடிவந்து சுவிட்சை அணைப்பதற்குள் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அண்ணன்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று அவர் போட்டிருந்த சட்டையை அண்ணி துவைக்கவில்லை, கொளுத்திவிட்டார்.

மறுநாள் கல்லூரியில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். எச்சரித்தும் கேளாமல் மாணவர் விதியை மீறினார் என்று எழுதிக் கொடுத்தால் அண்ணனுக்கு ஒன்றும் வராது. அந்த மாணவரைக் கல்லூரியிலிருந்து நீக்கிவிடுவார்கள். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிப்பது என் பிழைப்பு. அவர்கள் சொன்ன மாதிரியே கடிதத்தை அடித்து எடுத்து வந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளியும் வைத்திருந்தேன்.

அண்ணன் இரண்டு முறை படித்தார். "சுவத்துல எழுதனது நெசம். வாயால சொன்னதும் நெசம். ஆனா அவன் பாத்தது என் கையத்தான?" என்றார்.

"உம் பொண்ணு பிளஸ் டூ படிக்குது. வேல போச்சின்னா யாரு பாக்கறது? சொன்னியா இல்லியா, அத மட்டும் எழுதினா போதும்" என்று கத்தினேன்.

"அவுருக்குத் தோணுறத எழுதட்டும். நீ கம்முனு இரும்மா" என்றார் அண்ணி.

அண்ணன் என் தாளைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் எழுதினார்: 'நான் தவறான முறையில் எமரி பிடிப்பதை இந்த மாணவர் பலமுறை பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்தே செய்தார். குற்றம் என்னுடையது.' அண்ணனின் வேலை போயிற்று. மாணவரை நீக்கவில்லை. தான் சொல்ல வேறொருவர் எழுத, அவர் தேர்வு முடித்தார்.

அந்த வீட்டுக்கு ஒருமுறை போக வேண்டும் என்றார் அண்ணன். துணைக்கு நானும் போனேன். மாணவரின் அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தினார். "கைய காட்டு சார்" என்றார். அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அத்தினி வருசமா நீயும் அப்டித்தான புடிச்ச? பத்தும் இருக்குதே. எம் புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்குப் போச்சி?"

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு கைகளையும் துண்டுக்குள் வைத்து மூடிக்கொண்டார். வேலையைக் கெடுத்துக்கொண்டாரே என்ற கோபத்தில் நான் அவரோடு ஆறு மாதம் பேசவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று அவரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான்தான். இன்று நீங்கள் சொல்வதெல்லாம் அன்று என் வாயிலிருந்து வந்தது.

பிறகு அண்ணன் திண்டிவனம் சாலையில் கிரில் கேட் செய்யும் பட்டறையில் வெல்டிங் வைத்தார். லேத்தைத் தொடவே இல்லை. மகள் ஆசைப்பட்ட படிப்பில் சேர முடியவில்லை. அவள் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான்கே ஆண்டுகளில், அந்த வெல்டிங் புகையாலோ என்னவோ, நுரையீரலில் நோய் கண்டு, புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்க வாங்க இரண்டு மாதம் கிடந்தார். அவர் பட்ட வேதனையை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

கடைசி வாரத்தில் அந்த மாணவர் வந்தார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நோவுதா?" என்று கேட்டார்.

"பனிக்காலத்துல நோவும் சார்."

அவ்வளவுதான் பேசினார்கள். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. அவர் அம்மா ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. மகனை அனுப்பி வைத்தாரே, அவருக்கு என் முதல் நன்றி. ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், முறை வைத்து ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்த அண்ணியின் தம்பிகளுக்கும், அண்ணன் வேலைக்கு வராத நாளிலும் நலம் கேட்டு வந்த பட்டறைக்காரருக்கும், பங்குத் தந்தைக்கும், கொட்டும் மழையில் கல்லறைக் குழி வெட்டிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நான் நீட்டிய கடிதத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். ஒருவேளை உயிரும் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். எப்படியும் ஒருநாள் அவர் போயிருப்பார், அன்றைக்கும் நினைவு மலருக்கு நான்தான் எழுதியிருப்பேன். மாணவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர், ஒரே ஒரு பிள்ளை மட்டும் சொல்பேச்சுக் கேளாமல் விரலை இழந்தான் என்று கூசாமல் எழுதியிருப்பேன். நீங்களும் அதைப் படித்துக் கண் கலங்கியிருப்பீர்கள்.