நான் வேண்டாமென்ற ஜெல்

படித்தவன் என்று எனக்கிருந்த திமிரை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மனைவிக்குக் கர்ப்பப்பையை அகற்ற வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குக் கிட்டவுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் சேர்த்தோம். சத்திரசிகிச்சைக்கு முன், அதைச் செய்யவிருந்த இளம் வைத்தியர் கட்டிலருகே வந்து விளக்கினார்.

“உள்காயம் ஆறுறப்ப குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கலாம், ஐயா. ஒரு ஜெல் பூசினா அது குறையும். ஜெல் உடம்புலயே கரைஞ்சிடும்.”

நான் அவர் பேசிய தமிழைத்தான் கவனித்தேன்.

“தம்பி எந்த ஊர்?”

“ஹட்டன் பக்கம், ஐயா. அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க.”

“அதுதானே பாத்தன். தேயிலைக்கு மருந்தடிக்கிற மாதிரி மனுசருக்கும் பூசப் பாக்கிறீர். ஒண்டும் வேண்டாம்.”

அவர் முகம் இறுகியது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீர் பேசாமல் இரும்” என்றேன். அவளுக்கும் சேர்த்து நானே பதில் சொல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

அடுத்த வருடம் அவள் வயிறு வீங்கி, வாந்தியெடுத்துத் துடித்தாள். குடல் ஒட்டி அடைபட்டிருந்தது. அதே வைத்தியர்தான் மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. ஜெல் பூசியிருந்தாலும் ஒட்டியிருக்கலாம் என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். ஆனால் ஜெல்லைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், அவருடைய தாயின் தொழிலைக் கேட்டல்லவா நான் வேண்டாமென்றேன்!

“இந்தத் தடவை பூசலாமா, ஐயா?”

நான் வாய் திறக்குமுன் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“அவரிட்டைக் கேளாதேங்கோ, தம்பி. வயிறு என்ர. பூசுங்கோ.”

அவள் பிழைத்துவிட்டாள். இப்போது வைத்தியரின் அறைக்குள் தனியாகத்தான் போகிறாள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தகுந்த இடம் அதுதான்.