காலுக்குப் பூசிய ஒயில்

எங்கள் அக்கராயன் ஊர்ப் பக்கத்தில் என்னைப்போல உழவு இயந்திரம் ஓட்ட ஆள் இல்லை. அதே உழவு இயந்திரம் வரம்பில் புரண்டுதான் என் வலது கால் முறிந்தது. ஆகவே முதல் வசனத்தை நீங்கள் நம்பத் தேவையில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எலும்போடு ஒரு தகட்டை வைத்து, ஆணி முறுக்கி அனுப்பினார்கள். வெளிநாட்டுத் தகடு, டைட்டேனியம் என்றார்கள். எழுதப் படிக்க மட்டும் கற்றுப் பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு உலோகம் என்றால் இரும்பு, இரும்பு என்றால் கறள், துரு.

மழை தொடங்கியது. சேற்றில் இறங்கி விதைக்காவிட்டால் அந்தப் போகம் வீட்டில் அரிசி இல்லை. இறங்கினால் கால் உள்ளே கறள் பிடித்துவிடும் என்று பயம். கலப்பையைச் சும்மா வைக்கும்போது கறள் பிடிக்காமல் இயந்திரத்தின் கறுத்த கழிவு ஒயில் பூசித்தானே வைப்போம்? காயம் ஆறியிருந்தது. காலுக்கும் பூசினேன்.

மனைவி ஒயில் ஊறிய பாயைப் பார்த்தாள். "இனி நீங்கள் மிசினுக்குப் பக்கத்திலை போய்ப் படுங்கோ."

கிளினிக்கில் டொக்டர் மூக்கைச் சுளித்தார். "என்ன ஐயா இது, காலோ கலப்பையோ?"

"உள்ளுக்கை கறள் பிடிச்சிடும் எண்டு பயமாக் கிடக்கு, டொக்டர்."

தாதி சிரிப்பை அடக்க வெளியே போனாள். டொக்டர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது கறள் பிடிக்கிற சாமான் இல்லை. முறிஞ்ச இடத்திலை புது எலும்பு கட்டியிட்டுது, பாருங்கோ. தகட்டு ஓரத்தாலை வளர்ந்து ஆணித் தலையையும் மூடுது. உங்கட எலும்பு இதைப் பிறத்தி எண்டு தள்ளேல்லை. தன்ர ஆளாச் சேர்த்திட்டுது."

என் எலும்புக்கு என்னைவிட நல்ல குணம். மனைவியின் தமையனோடு எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

"அப்ப சேத்துக்கை இறங்கலாமோ?"

"ஓம், இறங்கலாம். முதல் அந்த ஒயிலைக் கழுவுங்கோ."

அடுத்த நாள் காலை வயலுக்குப் போனோம். நான் கவனமாக ஒரு காலைச் சேற்றில் வைத்து, வெற்றியோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது முறியாத கால்," என்றாள் அவள், வரம்பில் நின்றபடி. "மற்றதை வையுங்கோ."

வலது காலைத் தூக்கி வைத்தேன். சேறு உள்ளே வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பாரத்தை அதன்மேல் இறக்க...

"இஞ்சாருங்கோ! எழுதிக் கிழிச்சது போதும். வாய்க்கால் உடைஞ்சு தண்ணி முழுக்கப் பக்கத்து வயலுக்கை பாயுது. மண்வெட்டியோடை ஓடியாங்கோ!"

மனைவிதான். பேனையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.